வாரத்துக்கு விட்ட கால்

1

இதை எழுதாமல் நழுவிவிடத்தான் பார்த்தேன். எழுதச் சொன்னவர் குணசேகரன் அண்ணன். விழுப்புரத்தில் பாதிக் கல்யாணங்களுக்குப் பந்தல் போடுகிறவர், மீதி நேரத்தில் எங்கள் ஃபுட்பால் கிளப்பின் செக்ரட்டரி. வாட்ஸப்பில் அவர் குரல் வந்தது.

"தம்பி பிரபா, கிளப் ஆண்டு விழாவுக்கு மலர் போடுறோம். லீக் கமிட்டிக்காரங்கல்லாம் வர்றாங்க. நீ ஃபாரின்ல இருக்கிற நம்ம புள்ள. குவைத் அனுபவம்னு ரெண்டு பக்கம் எழுதி அனுப்பு. கொஞ்சம் கண்ணியமா எழுது. அப்படியே பசங்களுக்கு ஒரு செட் ஜெர்சி பாத்து அனுப்பிவுடு."

பத்தாவதில் தமிழிலேயே ஃபெயிலானவன் நான். என் தமிழ் வாத்தியார்கூட என்னிடம் இரண்டு பக்கம் எதிர்பார்த்ததில்லை. "எழுதிக்கினே இருக்கேண்ணா" என்று பதில் போட்டுவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தூங்கினேன். அவர் மறுபடி கேட்டபோதும் எழுதிக்கொண்டேதான் இருந்தேன். போன வெள்ளிக்கிழமை டிவியில் ஒரு செய்தி வந்தது. அதைப் பார்த்த கோபத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

கண்ணியமாக எழுதச் சொல்லியிருக்கிறார். முயற்சி செய்கிறேன்.

2

முதலில் குவைத் அனுபவம். கேட்டதைக் கொடுத்துவிடுவோம்.

நான் வேலை செய்வது கறியும் மீனும் உறைய வைக்கிற குளிர் கிடங்கில். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். வெளியே தார் உருகுகிற வெயில், உள்ளே மூக்கு உறைகிற குளிர். பஸ் ஸ்டாப்பில் எல்லாரும் வேர்வையைத் துடைத்துக்கொண்டு நிற்க, நான் மட்டும் மெத்தை மாதிரி ஒரு கோட்டை மடியில் வைத்துக்கொண்டு நிற்பேன். பைத்தியம் என்று நினைத்து ஒரு பிலிப்பினோ அம்மா தள்ளி உட்கார்ந்தது.

வந்த புதிதில் எகிப்துக்கார சூப்பர்வைசர் என்னைப் பார்த்து "கலாஸ், கலாஸ்" என்றார். நம்ம ஊரில் கிளாஸை எப்படிச் சொல்வோம் என்று உங்களுக்குத் தெரியும். மனுஷன் தாகத்தில் கேட்கிறார் என்று ஓடிப்போய் ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினேன். அரபியில் கலாஸ் என்றால் 'முடிந்தது, போதும்.' வேலை முடிந்தது, வீட்டுக்குப் போ என்று சொல்லியிருக்கிறார். இரண்டாவது தடவை சொன்னார். இரண்டாவது கிளாஸ் கொண்டுவந்தேன். மூன்றாவது தடவை அவரே சிரித்துவிட்டு, தண்ணீரைக் குடித்துவிட்டு, கையைப் பிடித்து வெளியே கொண்டுபோய் விட்டார்.

ஒரு வார்த்தையைத் தப்பாகக் கேட்டதற்கு இங்கே எனக்கு ஆன நஷ்டம் அவ்வளவுதான். விழுப்புரத்தில் ஒரு வார்த்தையைத் தப்பாகக் கேட்டதில் ஒருத்தன் வாழ்க்கையே நின்றுபோயிருக்கிறது. அதற்கு வருகிறேன்.

இங்கே ஒவ்வொரு வேலைக்காரனுக்கும் ஒரு கஃபீல் உண்டு. விசாவுக்குப் பொறுப்பானவர். வேறு கம்பெனிக்குப் போக வேண்டுமென்றால் அவர் 'ரிலீஸ்' கொடுக்க வேண்டும். நான் கேட்டுப் பார்த்தேன். ஒரு கவுண்டரில் அடுத்த கவுண்டருக்கு அனுப்பினார்கள், அங்கே நாளைக்கு வா என்றார்கள், நாளைக்குப் போனால் முதல் கவுண்டர்காரரே அங்கே உட்கார்ந்திருந்தார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். என்னைக் கட்டி வைத்திருப்பவர் பெயர் என் ஆவணத்திலேயே இருக்கிறது. ஒளிவு மறைவு இல்லை. நம்ம ஊரில் ஆளையும் கட்டி வைப்பார்கள், அப்படி ஒன்றும் இல்லை என்று சத்தியமும் செய்வார்கள்.

குவைத் அனுபவம் முடிந்தது. கலாஸ்.

3

போன வெள்ளி, மத்தியானச் சாப்பாடு முடிந்து ரஃபி பாய் ரூமில் டிவி பார்த்துக்கொண்டிருந்தோம். ரஃபி பாய் கோட்டக்குப்பத்துக்காரர், எனக்கு மூத்தவர், எங்கள் கேம்ப்பில் சமையல். ஐரோப்பாவில் ஒரு பெரிய கிளப் மாட்டிக்கொண்டது என்று செய்தி. அவர்கள் ஆட்டக்காரர்கள் சிலர்மேல் வெளியாள் கம்பெனி ஒன்றுக்குப் பங்கு இருந்திருக்கிறது. யாரை எந்த ஆட்டத்தில் இறக்குவது என்பதுவரை அந்தக் கம்பெனி பேசியிருக்கிறது. அப்படி இருக்கக் கூடாது என்று ரூல். தண்டனை: அபராதம், கூடவே ஒரு எச்சரிக்கை.

"அவ்வளவுதானா?" என்றேன்.

"வேற இன்னா செய்யச் சொல்ற?" என்றார் ரஃபி பாய்.

அந்த நேரத்தில் ஊரிலிருந்து அவர் மகன் வீடியோவில் வந்தான். ஒன்பதாவது படிக்கிறான். இவர் இங்கிருந்து அனுப்பிய, அதே கிளப்பின் ஜெர்சியைத்தான் போட்டிருந்தான். அத்தா சாப்பிட்டீங்களா என்று கேட்க மாட்டான். அந்த கிளப்பின் பதினொரு பேர் பெயரையும் தூக்கத்தில்கூடச் சொல்வான்.

"உங்க கிளப் மாட்டிக்கிச்சாமே" என்று சீண்டினேன்.

"ஃபைன் கட்டிட்டாங்கண்ணா. முடிஞ்சுபோச்சு" என்றான். அத்தாவைப் பார்த்து, "புது ஜெர்சி வந்துருக்குது" என்றான். வைத்துவிட்டான்.

ரஃபி பாய் போனைச் சட்டைப்பையில் போட்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

"பாத்தீங்களா பாய், ஜெர்சி ஜெர்சியா வாங்கி அந்த ஃபைன கட்டப்போறதே நீங்கதான்."

"வாய மூடு. கிளப்ப இழுத்து மூடச் சொல்றியா நீ? அங்க புல்லு வெட்றவன் இருக்கான், துணி தொவைக்கிறவன் இருக்கான். மத்த பிளேயருங்க இருக்காங்க. அவங்கல்லாம் இன்னா தப்பு பண்ணாங்க?"

இது நியாயமான கேள்வி. எனக்கு உடனே பதில் வரவில்லை, அதனால் எரிச்சல் வந்தது.

"இதுக்கு எங்க ஊர்ல ஒரு பேரு இருக்குது, தெரியுமா? வாரம்."

ஓரத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த கேரளாக்காரர் ஜாய் ஏட்டன் திரும்பினார். "ஓ, பாதிவாரம். மனசிலாயி" என்றார்.

அரை நொடி. அடுத்த மாநிலத்துக்காரருக்கு அரை நொடியில் புரிந்தது. சொந்தத் தமிழ்நாட்டு அதிகாரிக்கு முழுசாய் ஒரு விசாரணை நடத்தியும் புரியவில்லை.

4

வாரம் என்றால் பங்கு. டவுன்காரர்களுக்காகச் சொல்கிறேன். ஆடு வைத்திருக்கிறவர், மேய்க்க ஆள் இல்லையென்றால் ஒரு பெட்டையாட்டை இல்லாதப்பட்ட வீட்டில் விடுவார். தழை ஒடிப்பது, மழையில் உள்ளே கட்டுவது எல்லாம் அந்த வீட்டு வேலை. குட்டி போட்டால் அவருக்குப் பாதி, வளர்த்தவருக்குப் பாதி. ஆடு எப்போதும் அவருடையது. இதுதான் ஆட்டை வாரத்துக்கு விடுவது.

வளவனூர் பக்கத்தில் எங்கள் தெருவிலேயே நாலு வீட்டில் வாரத்து ஆடு நிற்கும். ஏழுமலை வீட்டிலும் நின்றது. ஏழுமலை என் கூட்டாளி. அவன் அம்மா கன்னியம்மா நடவுக்கும் கரும்பு வெட்டுக்கும் போகிறவர். வீட்டில் நிலம் கிடையாது. அவனுக்கு இருந்தது ஒரு வலது கால். அந்தக் காலில் பந்து பட்டால் கோல்கீப்பருக்குச் சாமி நினைப்பு வரும். எனக்குத் தெரியும், பயிற்சியில் எதிரே நிற்கிற கோல்கீப்பர் நான்தான். மேட்ச்சில் நான் ஸ்பேர் கோல்கீப்பர். தண்ணி பாட்டிலும் நானும் ஒரே பெஞ்ச்.

திண்டிவனத்தில் தணிகாசலம் என்று ஒரு மல்லாட்டை மண்டி முதலாளி, வேர்க்கடலை வியாபாரம். அந்த ஊர் கிளப்பே அவர் கைக்குள்தான். பள்ளிக்கூட ஆட்டம் ஒன்றில் ஏழுமலையைப் பார்த்தார். ஷூ வாங்கித் தந்தார், ஹாஸ்டலில் தங்க வைத்தார், முட்டையும் பாலும் ஏற்பாடு செய்தார். கன்னியம்மாவிடம் வந்து அவர் சொன்னதை நான் பக்கத்திலிருந்து கேட்டேன்.

"உம்புள்ளய நான் பாத்துக்கறேன். வாரம்னு வெச்சிக்க. நாளைக்கி எவனாவது பெருசா தூக்கிக்கினு போனா, எனக்குப் பாதி உனக்குப் பாதி."

அந்த அம்மாவுக்கு அது தப்பாகவே படவில்லை. ஆட்டுக்கு இருக்கிற சட்டம்தானே.

அவருடைய கிளப்பில் ஏழுமலை ஆடுகிற ஃபார்வர்டு இடத்தில் அவர் மச்சான் மகன் இருந்தான். அதனால் ஏழுமலையை விழுப்புரத்துக்கு, எங்கள் கிளப்புக்குத் தள்ளிவிட்டார். ஒரே நிபந்தனை: திண்டிவனத்தோடு மோதும்போது அவனை இறக்கக் கூடாது. எங்கள் லீக் ரூல்படி வெளியாள் யாருக்கும் ஆட்டக்காரன்மேல் பங்கும் இருக்கக் கூடாது, பேச்சும் இருக்கக் கூடாது. வருஷா வருஷம் கிளப் செக்ரட்டரி அதற்கு உறுதி சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். குணா அண்ணன் போட்டார். நான் கேட்டதற்கு, "தானத்துக்கு வந்த மாட்ட பல்லப் புடிச்சுப் பாக்கக் கூடாதுடா" என்றார்.

மாடு என்றுதான் சொன்னார். நான் சேர்க்கவில்லை.

5

அந்த வருஷம் செமிஃபைனலில் திண்டிவனம் வந்து நின்றது. கூடவே ஒரு அரசுத் துறை அணிக்கு ஆள் எடுக்கிறவர்கள் இரண்டு பேர், தொப்பி போட்டுக்கொண்டு, பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அணியில் சேர்ந்தால் ஆட்டம் மட்டுமல்ல, உத்தியோகமும் உண்டு.

காலையிலேயே குணா அண்ணன் ஏழுமலையின் முட்டியில் ஒரு கட்டுத் துணியைச் சுற்றினார். "வலின்னு சொல்லிக்கினு உக்காந்துரு."

பெஞ்ச்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தான். நான் சும்மா விடுவேனா. "எந்த முட்டிடா வலி? மறந்துட்டு மத்த காலப் போட்டு நொண்டப் போற."

அவன் சிரிக்கவில்லை. தொப்பிக்காரர்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டாவது பாதியில் எங்கள் ஃபார்வர்டு கால் பிசகி விழுந்தான். கேப்டன் ஆன்டனிக்கு இந்த வாரக் கதை எதுவும் தெரியாது. "ஏழு, வலியோட பத்து நிமிஷம் ஆடுவியா? வாடா ஜல்தி" என்று கை காட்டினான். ஏழுமலை குணா அண்ணனைப் பார்த்தான். அவர் தலையை ஆட்டினார், கூடாது என்று. ஏழுமலை கட்டை அவிழ்த்து என் மடியில் போட்டுவிட்டு எழுந்து போனான்.

அந்த கோலை நான் வர்ணிக்கப் போவதில்லை. உண்மையைச் சொன்னால் சரியாகப் பார்க்கவும் இல்லை. குணா அண்ணனின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தன் கிளப் ஜெயித்ததற்கு அழப்போகிற செக்ரட்டரியை நீங்கள் எங்கேயும் பார்த்திருக்க முடியாது.

மண்டிக்காரர் பந்தலிலிருந்து மைதானத்துக் கோட்டுக்கே வந்துவிட்டார். "யோவ் குணசேகரா, என் ஆட்ட என் வயல்லயே மேய விடுறியா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். அதோடு விடவில்லை. நேராக லீக்கில் போய்ப் புகார் கொடுத்தார். ரூலை மீறி ஆள் வைத்திருந்தவரே, ரூலை மீறிய ஒப்பந்தத்தை மீறிவிட்டார்கள் என்று நியாயம் கேட்டார். திருடியதில் பங்கு தரவில்லை என்று ஸ்டேஷனுக்குப் போன மாதிரி. அவருக்கு அதில் கூச்சமே இல்லை, ஏனென்றால் அவருடைய கணக்கில் அது திருட்டே இல்லை.

6

விசாரிக்க சென்னையிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். நல்ல இஸ்திரி போட்ட சட்டை. கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டு ஹாலில் உட்கார வைத்தார்கள். நாங்கள் எல்லாரும் பந்திக்கு வந்தவர்கள் மாதிரி வரிசையாக பெஞ்ச்சில்.

"இந்தப் பையன் யாரோட பிளேயர்?" என்று அதிகாரி கேட்டார்.

"என் ஆளுதான் சார்" என்றார் மண்டிக்காரர். "நான் வாரத்துக்குத்தான் விட்டேன்."

"வாரத்துக்கா. எதுலேர்ந்து எது வரைக்கும்?"

"எது வரைக்கும்னா? அவன் ஆடுற வரைக்கும்தான்."

அதிகாரி குழம்பினார். "சார், தெளிவா சொல்லுங்க. ஒரு வாரமா, ரெண்டு வாரமா?"

"ரெண்டு வாரம் எப்படி சார் வரும்? ஆளு ஒருத்தன், நானும் ஒருத்தன். ஒரு வாரம்தான்."

அதிகாரி நிம்மதியாகத் தலையாட்டினார். எனக்குச் சிரிப்பு வந்தது. திரும்பிப் பார்த்தால் குணா அண்ணன் சிரிக்கவில்லை. கண்ணில் லைட் எரிந்தது. பந்தல் சாய்கிறபோது எந்தக் கயிற்றைப் பிடிக்கணும் என்று தெரிந்தவர் இல்லையா.

"ஆமா சார், ஒரு வாரம்தான்" என்று எழுந்தார். "வாரம் முடிஞ்சதும் பையன் அவங்க கிளப்புக்குத் திரும்பியிருக்கணும். ஆசையில எறங்கிட்டான். சின்னப் பையன், மன்னிச்சுருங்க."

மண்டிக்காரர் வாயைத் திறந்தார். அப்புறம் அவருக்கும் புரிந்தது. ஆட்டக்காரன்மேல் பங்கு வைத்தவர் இல்லை, ஒரு வாரத்துக்குக் கடன் கொடுத்த நல்லவர் ஆகிவிட்டார். வாயை மூடிக்கொண்டார்.

அதிகாரி ஏழுமலையிடம் திரும்பினார். "உன்ன வாரத்துக்குத்தான் விட்டிருக்காங்கன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும் சார்."

"தெரிஞ்சும் ஆடினியா?"

"ஆமா சார்."

பொய் சொல்லத் தெரியாதவனை இப்படித்தான் தூக்கில் போடுகிறார்கள். நான் எழுந்துவிட்டேன்.

"சார், அது ஞாயிறு திங்கள் வாரம் இல்ல சார். ஆடு வாரம்."

அதிகாரி என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஆடு வாரமா. அப்ப மாடு மாசமா?"

ஹாலே சிரித்தது. "சார், இவன் எப்பவும் இப்படித்தான், கிண்டல் புடிச்சவன்" என்றார் குணா அண்ணன், பாசமாக. என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். ஊரையே ஓட்டிக்கொண்டு திரிந்தவன் ஒரு நாள் நிஜத்தைச் சொன்னால் அதையும் ஜோக் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. வருத்தம், விஷயம் தெரிந்த அத்தனை பேரும் அந்த ஜோக்குக்குச் சிரித்தார்கள் என்பதில்தான்.

தீர்ப்பு: கடன் காலம் முடிந்தும் ஆடியதற்காக ஏழுமலைக்கு இரண்டு சீசன் தடை. எங்கள் கிளப்புக்கு, இனிமேல் கவனமாக இருக்கவும் என்று அறிவுரை. மண்டிக்காரருக்கு ஒன்றுமில்லை. தொப்பிக்காரர்கள், தடை வாங்கியவன் என்று தெரிந்ததும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

7

நான் விசா வந்ததும் கிளம்பிவிட்டேன். ஏழுமலை வளவனூரில் ஒருத்தரின் மினி லாரி ஓட்டுகிறான். தடை இந்த சீசனோடு முடிகிறது. குணா அண்ணன் அவனைப் போய்ப் பார்த்தாராம். "பழசெல்லாம் மறந்துடு, ஆண்டு விழா மேட்ச்ல நீதான் ஹீரோ" என்றாராம்.

அவனுக்கு ஹீரோ வேண்டாம். அந்தத் தீர்ப்பையே ரத்து பண்ண வேண்டும் என்று லீக்கில் அப்பீல் போட்டிருக்கிறான். அது பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறவரை அந்த அரசுத் துறை செலக்‌ஷனுக்கு உள்ளேயே விடமாட்டார்கள். வயசு வரம்பு இந்த வருஷத்தோடு சரி. அன்று ஹாலில் என்ன பேசினார்கள் என்று சொல்ல யாராவது வரட்டும் என்று கமிட்டி கேட்டிருக்கிறது. எங்கள் கிளப்பில் ஒருத்தருக்கும் அந்த நாள் ஞாபகமே இல்லையாம். ஜெயித்த கோல் மட்டும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது. அந்த வருஷம் ஃபைனலும் ஜெயித்து வாங்கிய கோப்பை ஆபீஸ் ரூமில் கண்ணாடிக்குள் இருக்கிறது, தினமும் துடைக்கிறார்கள்.

எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதுதான் மேலே எழுதியிருப்பது.

ரஃபி பாய் கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். புல்லு வெட்டுகிறவரை விடுங்கள், கிளப்பையும் மூட வேண்டாம். அபராதம் மட்டும் வேண்டாம். காசு உள்ளவனுக்கு அபராதம் என்பது டோல்கேட் மாதிரி, கட்டிவிட்டு இன்னும் வேகமாகப் போவான். உறுதி சொல்லிக் கையெழுத்துப் போட்டவர் இனி எந்த கிளப்பிலும் எந்த நாற்காலியிலும் உட்காரக் கூடாது. அப்படி ஜெயித்த கோப்பை அங்கே இருக்கக் கூடாது. கொஞ்ச காலம் புது ஆள் எடுக்கக் கூடாது, இருக்கிற பசங்களை வைத்து ஆடிக் காட்டட்டும். பங்கு வைத்திருந்தவனுக்கு அந்தப் பங்கு கிடையாது. கிளப்புக்கும் கிடையாது. ஆட்டக்காரன் தனக்குத்தானே சொந்தம் என்று விட்டுவிட வேண்டும். ஐரோப்பாவுக்கும் இதுதான், திண்டிவனத்துக்கும் இதுதான். இங்கே நடந்ததோ, விட்டவனும் தப்பித்தான், வாங்கியவனும் தப்பித்தான், ஆட்டை மட்டும் அறுத்தார்கள்.

குணா அண்ணா, கண்ணியமாகத்தான் எழுதியிருக்கிறேன். நான் மனசில் வைத்திருக்கிற வார்த்தைகளை நீங்கள் கேட்டால் தெரியும். மலரில் இதைப் போட மாட்டீர்கள் என்றும் தெரியும். அதனால் இதையே கமிட்டிக்கும் அனுப்புகிறேன். ஜெர்சிக்கு வேறு ஆளைப் பாருங்கள்.

அனுப்புவதற்கு முன், இதுவரை எழுதியதை ஏழுமலைக்கு அனுப்பினேன். நான் இருப்பது குவைத்தில். யாராவது திட்டினால் போனை அணைத்துவிட்டுக் குளிர் கிடங்குக்குள் போய்விடலாம். அவன் அதே விழுப்புரம் ரோட்டில் தினமும் லாரி ஓட்ட வேண்டியவன். மண்டிக்காரருக்கு ஆள் இருக்கிறது, குணா அண்ணனுக்குத் தெரியாத போலீஸ் கிடையாது. அப்பீல் தோற்றால் இந்த எழுத்துக்கும் சேர்த்து அவன்தான் அனுபவிக்க வேண்டும். அதனால் கீழே கேட்டிருந்தேன்: "பேஜாரு எதுக்கு, உன் பேர மாத்திடட்டுமாடா? முருகன், கிருகன்னு எதையாவது போட்டுக்கிறேன்."

படித்துவிட்டான் என்று காட்டியது. டைப் பண்ணுகிறான் என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. லாரியை ஓரம் கட்டிவிட்டுத்தான் அனுப்பியிருப்பான்.

"என் பேரையே போடுடா, இனிஷியலையும் சேத்து."